சென்னை – சான்பிரான்சிஸ்கோ: கூகுள் சொல்ற நேரமும் அம்மா உட்கார்ற நேரமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் கட்டாயம் படிங்க. படிச்சுட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்னு தேடிப் பாருங்க. 13,900 கி.மீ சொச்சம்னு வரும். பயண நேரம் கிட்டத்தட்ட 17 மணி நேரம்னு வரும்.

இந்த 17 மணி நேரத்தை வச்சுத்தான் ஓபியில் என்கிட்ட எல்லாரும் வாதம் பண்றாங்க. "ஒரு நாள் கூட இல்ல டாக்டர், ஏறி உட்கார்ந்தா போதும், தூங்கிட்டே போயிடலாம்."

அந்த எண் எப்படி வருதுன்னு பாருங்க. உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடிச்சா கிடைக்கிற மிகக் குறைந்த தூரம் அது. அதை மணிக்கு 850 கி.மீ மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் 17. அவ்வளவுதான் கணக்கு.

அந்த நூல் எந்த வழியாப் போகும் தெரியுமா? சென்னையிலிருந்து வடகிழக்கே ஏறி, எவரெஸ்ட் பகுதியை ஒட்டி, திபெத், சீனா, கிழக்கு சைபீரியா, அலாஸ்கா. இதில் திபெத் பீடபூமிக்கு மேலே பறப்பதைப் பெரும்பாலான விமானங்கள் தவிர்க்கும். கேபினில் காற்றழுத்தம் போய்ட்டா உடனே 10,000 அடிக்கு இறங்கணும். அங்கே தரையே அதைவிட உயரம்.

அதாவது, எந்த விமானமும் போகாத ஒரு கோட்டின் நீளத்தைப் பார்த்து அம்மாவின் பயணத்தை முடிவு பண்றோம்.

நிஜத்தில் என்ன நடக்குது? பெரும்பாலானவங்க துபாய் மாதிரி ஓர் ஊரில் மாறித்தான் போறாங்க. சென்னை – துபாய் சுமார் 2,900 கி.மீ. துபாய் – சான்பிரான்சிஸ்கோ சுமார் 13,000. மொத்தம் 15,900. தேடலில் வந்த எண்ணைவிட இரண்டாயிரம் கி.மீ கூடுதல்.

தூரம் மாறாமலே நேரம் மாறுவதும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து அமெரிக்கா போன விமானங்கள் சுத்திப் போச்சு. சில விமானங்கள் நடுவில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டுப் போச்சு. ஊர் நகரலை, உட்கார்ற நேரம் மட்டும் நீண்டுச்சு.

சரி, இப்ப நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம்.

பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருத்தங்கன்னு வச்சுக்குவோம். வீட்டிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் கார்ல 5 மணி நேரம். அங்கே 3 மணி நேரம் முன்னாடியே போய் நாற்காலியில். துபாய்க்கு 4 மணி நேரத்துக்கு மேல். அங்கே குறைஞ்சது இரண்டு மூணு மணி நேரம். அடுத்து ஒரே மூச்சில் சுமார் 16 மணி நேரம். இறங்கி இமிக்ரேஷன் வரிசை. பையன் வீட்டுக்கு மறுபடி கார்.

கூட்டிப் பாருங்க. 33, 34 மணி நேரம் வரும். அதில் அவங்க எழுந்து நடந்தது எவ்வளவு? தாராளமாப் போட்டாலும் ஒரு மணி நேரம்.

கூகுளில் 17. காலுக்கு 33. இந்த வித்தியாசத்தில்தான் நான் நோயாளியைப் பார்க்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நைட் டூட்டி. 61 வயது அம்மா. மூச்சு வாங்குது. ஆக்சிஜன் அளவு 84. நெஞ்சில் சளி இல்லை, இதுவரை ஆஸ்துமா இல்லை. இடது கெண்டைக்கால் வலதைவிட நல்லாவே வீங்கியிருக்கு. தொட்டா சூடு, பளபளன்னு எண்ணெய்.

"எங்கயாச்சும் வெளியூர் போயிட்டு வந்தீங்களாம்மா?"

"மவன் வூட்டுக்குப் போயிட்டு வந்தேன் சார்."

"எந்த ஊரு?"

"அமெரிக்கா."

மருமகளுக்குப் பிரசவம். ஆறு மாசம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிட்டுத் திரும்பி வந்து மூணு நாள். வந்த மறுநாளே கால் வலி. பயண அலுப்புன்னு நினைச்சு வீட்டில் தைலம் தேய்ச்சு நீவி விட்டிருக்காங்க. மூணாம் நாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவங்க மூச்சு முட்டி விழுந்துட்டாங்க.

காலின் ஆழ்சிரையில் உறைந்த இரத்தக்கட்டு பிய்ஞ்சு நுரையீரல் தமனியில் போய் அடைச்சிருக்கு. பல்மனரி எம்போலிசம். ஆக்சிஜன் வச்சு, ஹெப்பாரின் போட்டு, 108ல் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். சி.டி.யில் உறுதியாச்சு. பிழைச்சுட்டாங்க.

இந்த மாதிரி காலை ஒருநாளும் நீவாதீங்க. ஒரு கால் மட்டும் வீங்கி, வலிச்சு, சூடா இருந்தா எண்ணெயோட வேலை அங்கே கிடையாது. அதே நாள் ஆஸ்பத்திரி.

மறுநாள் பையன் போன் பண்ணினார். நல்ல பையன், அழுதார். அப்புறம் கேட்டார், "வெறும் 20 மணி நேர ஃப்ளைட் தானே டாக்டர்? எங்கம்மா நாத்து நடுறவங்க."

அந்த "வெறும்" மேலதான் எனக்குக் கோபம்.

நாத்து நடும்போது ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும். அது சிரையில் இருக்கிற இரத்தத்தைக் கசக்கி மேலே தள்ளும் பம்பு. நாற்காலியில் உட்கார்ந்ததும் பம்பு நின்னுடும். இரத்தம் தேங்கும். தேங்கினா உறையும். எத்தனை வருஷம் வயலில் உழைச்சவங்கன்னு அந்தப் பதினாறு மணி நேரத்தில் யாரும் கணக்கு எடுக்க மாட்டாங்க.

விமானத்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை இது. 1940ல் ஜெர்மனி லண்டன் மேல குண்டு போட்டப்போ, ஜனங்க ராத்திரி முழுக்கப் பதுங்கு அறைகளில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாங்க. பல்மனரி எம்போலிசத்தில் இறந்தவங்க எண்ணிக்கை திடீர்னு ஏறுதுன்னு கீத் சிம்ப்சன் என்கிற மருத்துவர் அதே வருஷம் லான்செட் இதழில் எழுதினார். நாற்காலியின் விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்துறதுதான் அவர் சந்தேகம். அந்த அறையில் விமானம் எங்கே இருந்துச்சு? மேலே குண்டு போட்டுக்கிட்டு இருந்துச்சு.

நம்ம ஆம்னி பஸ் செமி ஸ்லீப்பருக்கும் இதே நியாயம்தான். அதனாலதான் பெரம்பலூர் – சென்னை 5 மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்தேன்.

தூரத்துக்கும் இந்த நோய்க்கும் நேரடியா முடிச்சுப் போட்ட ஆய்வும் இருக்கு. பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் 1993லிருந்து 2000 வரை வந்திறங்கிய சுமார் 13½ கோடிப் பயணிகளைக் கணக்கில் எடுத்தாங்க. 5,000 கி.மீக்குக் குறைவாப் பறந்தவங்களில் பல்மனரி எம்போலிசம் 10 லட்சத்துக்கு 0.01. 5,000க்கு மேல் 1.5. 10,000க்கு மேல் 4.8. நியூ இங்கிலாந்து ஜர்னலில் 2001ல் வந்தது.

"பத்து லட்சத்துக்கு அஞ்சு பேர்தானே, இதுக்கா இவ்வளவு நீளப் பதிவு?" கேட்பீங்க. கேக்கணும்.

அந்த ஆய்வில் எண்ணியது, விமான நிலையத்திலிருந்து நேரா ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போன கடுமையான கேஸ்களை மட்டும். வீட்டுக்குப் போய் மூணாம் நாள் விழுந்த என் நோயாளி அந்தக் கணக்கிலேயே வர மாட்டாங்க. ஆபத்து இறங்கிய முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம். மெல்லக் குறைஞ்சு பழைய நிலைக்கு வர எட்டு வாரம் ஆகும்.

உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவு. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செஞ்சா ஆபத்து சுமார் இரட்டிப்பு. ஆரோக்கியமானவங்களிலேயே 6,000 பேருக்கு ஒருத்தர். 350 சீட் விமானம்னா, பதினேழு விமானம் நிறைஞ்சு போனா ஒருத்தர்.

பயப்படச் சொல்லலை. 5,999 பேர் நல்லபடியா போய்ச் சேருவாங்க. "எங்கப்பா பத்து தடவை போயிட்டு வந்தாச்சு, ஒண்ணும் ஆகலை"ன்னு கமெண்ட் போடப் போறவங்க அந்த 5,999ல் இருக்கீங்க, சந்தோஷம். ஆனா அந்த 6,000 ஆரோக்கியமானவங்க கணக்கு. ஏற்கெனவே இரத்தக்கட்டு வந்தவங்க, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறவங்க, சமீபத்தில் மூட்டு அல்லது வயிற்று ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பிணிகள், பிரசவமாகி சில வாரமே ஆனவங்க, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கிறவங்க, ரொம்ப உடம்பு போட்டவங்க, இவங்களுக்கு அந்த எண் பொருந்தாது. வயசானவங்களுக்கு மட்டும்னும் நினைக்காதீங்க. 2000ல் சிட்னியிலிருந்து லண்டன் வந்திறங்கிச் செத்துப்போன இளம்பெண்ணுக்கு வயசு 28.

இன்னொரு விஷயம். இது நம்ம வீட்டுப் பெண்களுக்காகவே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும். ரொம்ப உயரமானவங்களுக்கும், 160 செ.மீக்குக் குறைவான உயரம் உள்ளவங்களுக்கும் விமானப் பயணத்தில் ஆபத்து அதிகம்னு ஆய்வு சொல்லுது. உங்க அம்மா எத்தனை செ.மீ? பெரும்பாலும் 150க்குப் பக்கத்தில்தான். அந்த சீட்டில் பாதம் தரையில் முழுசாப் படாது. தொங்கும். சீட் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால அழுத்தும். காலடியில் ஒரு பையை வச்சு பாதத்தை அது மேல ஊன்றச் சொல்லுங்க. பைசா செலவில்லாத வேலை.

கேபினுக்குள்ள இருக்கிற காற்றழுத்தம் 6,000லிருந்து 8,000 அடி உயரத்தில் இருக்கிறதுக்குச் சமம். ஊட்டி சுமார் 7,350 அடி. அதாவது உங்க அப்பாவை ஊட்டியில் ஒரு நாற்காலியில் 16 மணி நேரம் கட்டிப் போடுறீங்க. ஆரோக்கியமான நமக்கு ஆக்சிஜன் சில புள்ளி குறைஞ்சா தெரியாது. பீடி குடிச்சுக் குடிச்சு நுரையீரல் கெட்டுப்போய் தரையிலேயே 91 இருக்கிறவருக்குத் தெரியும். அவருக்கு நடு ஆகாயத்தில் ஆக்சிஜன் வேணுமான்னு முன்னாடியே பார்த்து, விமான நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லணும்.

இப்ப நேர வித்தியாசம்னு ஒரு வில்லன்.

டிக்கெட்டில் பார்த்தா அதிகாலை 4 மணிக்கு சென்னையில் கிளம்பி, அதே தேதி மதியம் 1 மணிக்கு சான்பிரான்சிஸ்கோவில் இறங்குற மாதிரி போட்டிருக்கும். ஒரு அப்பா என்கிட்ட சொன்னார், "மத்தியான சாப்பாட்டுக்கு அங்க போயிடுவேன் டாக்டர்." ஒன்பது மணி நேரம்னு நினைச்சிருக்கார். அந்த ஊர் கோடைக்காலத்தில் நமக்கு 12½ மணி நேரம் பின்னாடி. அப்போ உண்மையில் அவர் பயணம் 21½ மணி நேரம். அந்தத் தேதி அவருக்கு 36½ மணி நேர நாள்.

சுகர் இருக்கிறவருக்கு அந்த நாளில் எத்தனை வேளை? "காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு"ன்னு நாம சீட்டில் எழுதிக் கொடுத்ததை எந்த ஊர்க் கடிகாரத்தை வச்சு அவர் போடுவார்? நடுவில் சாப்பாடு மூணு தடவை வரும், இல்ல பிடிக்காம ஒண்ணும் சாப்பிட மாட்டார். சாப்பிடாம மாத்திரையை மட்டும் போட்டா, சில மாத்திரைகளில் சர்க்கரை தடாலடியா இறங்கி மயக்கம் வரும். பக்கத்து சீட்டுக்காரர் தூங்குறார்னு நினைப்பார்.

மேற்கே போகும்போது நாள் நீளும், இன்சுலின் சில சமயம் கூடுதல் தேவைப்படும். கிழக்கே திரும்பும்போது நாள் சுருங்கும், குறைக்க வேண்டி வரலாம். எவ்வளவுன்னு இந்தப் பதிவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. டிக்கெட்டை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. இன்சுலின் கைப்பையில்தான் இருக்கணும். பெட்டியில் போட்டு அனுப்பினா சரக்கு அறையில் உறைஞ்சு போகலாம், பெட்டியே வராமலும் போகலாம். ஜிஹெச் மாத்திரை சாப்பிடுறவங்களுக்குத் தனியா சொல்றேன்: "வெள்ளை ஒண்ணு, ரோஸ் பாதி"ன்னு அங்கே சொன்னா யாருக்கும் புரியாது. மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கிக்கோங்க.

இனி நேரா டிக்கெட் போடுற பிள்ளைகளுக்கு.

"விலை குறைவானது முதலில்"னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். இரண்டு இடத்தில் மாறி, 38 மணி நேரம், முப்பதாயிரம் ரூபாய் மிச்சம். உங்களுக்கு 32 வயசு, நீங்க போங்க. பேறுகாலம் பார்க்க சம்பளமில்லாம ஆறு மாசத்துக்கு வரவழைக்கிற 61 வயது அம்மாவை அதில் ஏத்தாதீங்க. அங்கே குழந்தையைப் பார்த்துக்க ஆள் வச்சா மாசம் என்ன கேட்பாங்கன்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

நான்-ஸ்டாப்தான் நல்லதுன்னும் நான் சொல்ல மாட்டேன். காலுக்கு, நடுவில் இறங்கி மூணு மணி நேரம் நடமாடுறது நல்லதுதான். ஆனா நடமாடணுமே! மொழி தெரியாதுன்னு எல்லாரும் வீல்சேர் போடுறீங்க. தப்பில்லை, வழி தெரியாம தவிக்கிறதுக்கு அது மேல். ஆனா என்ன ஆகுது? நல்லா நடக்கிற அம்மா, நடக்க வாய்ப்பிருந்த ஒரே இடைவேளையிலும் உட்கார்ந்தே போறாங்க. கேட் வந்ததும் எழுந்து அங்கேயே பத்து தடவை நடந்து வாங்கன்னு சொல்லி அனுப்புங்க.

நடைபாதை ஓரத்து சீட் போடுங்க, காசு கேட்டாலும். என் நோயாளி ஜன்னல் சீட்டில் இருந்திருக்காங்க. மகன் ஆசையா போட்டது, மேகம் பார்க்கட்டும்னு. "பக்கத்துல ரெண்டு பேரும் தூங்குனாங்க சார், எப்புடி எழுப்புறது"ன்னு என்கிட்ட சொன்னாங்க. பாத்ரூம் போக வேண்டி வரும்னு தண்ணியே குடிக்கலை. 16 மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை எழுந்திருக்காங்க. தண்ணி இரத்தக்கட்டைக் கரைக்காது. ஆனா குடிச்சா பாத்ரூம் வரும், பாத்ரூம் வந்தா நடக்கணும். அதுக்காகவே குடிக்கச் சொல்லுங்க. உட்கார்ந்திருக்கும்போது தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி பாதத்தை மேலே கீழே ஆட்டச் சொல்லுங்க. இதை எல்லா அம்மாவும் உடனே புரிஞ்சுக்கிறாங்க. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

முழங்கால் வரைக்கும் போடுற அழுத்தக் காலுறை உதவும், ஆய்வுகள் இருக்கு. ஆனா சுகர் உள்ளவங்க காலில் நாடித்துடிப்பு சரியா இருக்கான்னு டாக்டர்கிட்ட பார்த்துட்டுத்தான்.

ஆஸ்பிரின்? வாட்ஸ்அப்பில் "பிளைட் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பிரின்"னு சுத்துது. இந்த வகை இரத்தக்கட்டைத் தடுக்கன்னு பயணிகளுக்கு ஆஸ்பிரினை வழிகாட்டு நெறிமுறைகள் பரிந்துரைக்கலை. வயித்துப்புண் இருந்தா இரத்தம் கசியும். இதய நோய்க்காக ஏற்கெனவே எடுக்கிறவங்க நிறுத்தாதீங்க, அது வேற கதை.

கடைசியா எங்க ஆளுங்க. "பயணத்துக்குத் தகுதியானவர்"னு சான்றிதழ் கேட்டு வருவாங்க. ஓபியில் வரிசை வாசல் தாண்டி நிக்கும். பி.பி. பார்த்து, நெஞ்சில் ஸ்டெத் வச்சு, கையெழுத்து, சீல். இரண்டு நிமிஷம். எந்த ஊர், எத்தனை மணி நேரம், எந்த சீட்டுன்னு ஒருத்தரும் கேக்கிறதில்லை. நானும் கேட்டதில்லை, அந்த நைட் டூட்டி வரைக்கும். எம்பிபிஎஸ்ஸில் ஆழ்சிரை இரத்தக்கட்டுக்கான காரணங்களை ஒப்பிச்சு மார்க் வாங்கினவன்தான் நானும்.

அந்த அம்மா இந்த மாசம் மறுபடி கிளம்புறாங்க. இரண்டாவது பேரப்பிள்ளை. வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கலை. அவங்க பிள்ளை, அவங்க பேத்தி. ஏற்கெனவே கட்டு வந்தவங்கங்கிறதால மெடிக்கல் காலேஜ் பொதுமருத்துவப் பேராசிரியரைப் பார்த்து, பயணத்துக்கு உறைவு தடுக்கும் மருந்து எழுதி வாங்கியாச்சு. சான்றிதழுக்கு என்கிட்ட வந்தாங்க. மகனை வீடியோ காலில் வச்சுக்கிட்டு டிக்கெட்டைத் திறக்கச் சொன்னேன். நடைபாதை சீட். துபாயில் மூணரை மணி நேரம். சென்னைக்கு முந்தின நாளே போய் தங்கை வீட்டில் தங்கல். மருந்துக்கு எந்த ஊர் நேரம்னு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன். காலை ஆட்டிக் காட்டச் சொன்னேன், தையல் மெஷின் மாதிரி ஆட்டிக் காட்டினாங்க.

இருபது நிமிஷம் ஆச்சு. வெளியே வரிசையில் நின்னவங்க சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.